பிள்ளையின் ஊசிக்குத் திகதி இருக்கிறது, விசுவாசக் கேள்விக்கு இல்லை

கேள்வி: எனக்கு 25 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய சுயாதீன சபையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே மூப்பர். ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம் என்றுதான் எங்கள் வீட்டுக் கிழமை ஓடும். 2021 இல் கொரோனா ஊசி வந்தபோது அது அந்திக்கிறிஸ்துவின் முத்திரை என்று சபையில் போதித்தார்கள். வீட்டில் ஒருவரும் போடவில்லை. அந்த வருடம் ஆவணியில் அம்மம்மா தொற்று வந்து ஆஸ்பத்திரியில் காலமானா. கடைசியாக முகத்தைப் பார்க்கவும் கிடைக்கவில்லை. பிறகு நடந்த நினைவு ஆராதனையில் "கடைசி நாட்களில் அவவின் விசுவாசம் தளர்ந்துவிட்டது" என்றார் பாஸ்டர். அன்றைக்குப் பிறகு அந்த இடத்தில் என்னால் கண்ணை மூடி ஜெபிக்க முடியவில்லை. இப்போது எனக்கு ஏழு மாதப் பெண் பிள்ளை. இரண்டாம் மாத ஊசி போட்ட இரவு அவளுக்குக் கடும் காய்ச்சல். அம்மா அழுதா, அப்பா இனி வேண்டாம் என்றார். நான்காம், ஆறாம் மாத ஊசிகள் போடவில்லை. கணவர் என் முடிவுக்கு விடுகிறார், ஆனால் மாமாவோடு பகை வேண்டாம் என்கிறார். அம்மா அப்பாவின் வீட்டில்தான் இருக்கிறோம். ஆறாம் தரம் படிக்கும் கடைசித் தங்கச்சியின் எச்.பி.வி. (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பு) ஊசிப் படிவத்தையும் அப்பா கையெழுத்திடாமல் வைத்திருக்கிறார். தவறிய ஊசிகளால் பிள்ளைக்குப் பாதிப்பா? நான் நம்பி வளர்ந்ததெல்லாம் பொய்யா? இந்த வீட்டை விட்டுப் போக வேண்டுமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

ஊசி போடுகிறவருக்கு விசுவாசம் இல்லை, விசுவாசம் இல்லாதவருக்கு வீட்டில் இடமில்லை என்று சபை உங்களுக்கு எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகக் கட்டித் தந்திருக்கிறது. கடிதத்தைப் படிக்கையில், அதே முடிச்சை நீங்களும் மறுபக்கத்திலிருந்து இறுக்குவது தெரிகிறது. பிள்ளைக்கு ஊசி போடுவதென்றால் முதலில் கடவுள், சபை, பெற்றோர் எல்லாவற்றையும் பற்றித் தீர்மானித்துவிட வேண்டும் என்று எண்ணுகிறீர்கள். அப்படியில்லை. பிள்ளையின் ஊசிக்குத் திகதி இருக்கிறது, அதில் இரண்டு ஏற்கெனவே கடந்துவிட்டன. உங்கள் விசுவாசம் பற்றிய கேள்விக்குத் திகதி எதுவும் இல்லை. திகதி உள்ளதை முதலில் பார்ப்போம்.

ஊசி பிந்தியதால் மட்டும் பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் நடந்துவிடவில்லை. இத்தனை நாளும் காப்பு இல்லாமல் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. போட்ட ஊசி கணக்கில் நிற்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள். இடது புயத்தில் சின்னத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். இரண்டாம் மாதத்தில் போட்டது பென்டா. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, ஹிப் கிருமி என்ற ஐந்துக்குமான ஒரே ஊசி அது, தொடையில் 0.5 மில்லிலீற்றர். அதோடு வாயில் போலியோச் சொட்டு, தோலுக்குள் 0.1 மில்லிலீற்றர் போலியோ ஊசி.

இந்தக் கிழமையே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரோடு கதைத்து, அடுத்த கிளினிக் நாள் எது என்று கேளுங்கள். பிள்ளையின் சுகாதாரக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். எது போட்டது, எது விட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. கடைசி முடிவு சுகாதார வைத்திய அதிகாரியுடையது, ஆனால் ஒழுங்கு பெரும்பாலும் இப்படி அமையும். இப்போது இரண்டாவது பென்டா, போலியோச் சொட்டு, இரண்டாவது போலியோ ஊசி. ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் மூன்றாவது பென்டா, சொட்டு. அதற்குள் பிள்ளைக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிடக்கூடும். நிறைந்திருந்தால் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசியையும் அன்றே வேறொரு இடத்தில் போட்டுவிடலாம். ஒரே நாளில் இரண்டு ஊசி போட்டால் பிள்ளையின் உடல் தாங்காது என்ற பயம் அம்மாவுக்கு வரும். ஒரு பிள்ளை ஒரு நாளில் தவழ்ந்து வாயில் வைக்கும் கிருமிகளோடு பார்த்தால் இந்த ஊசிகளில் இருப்பது மிகக் கொஞ்சம். பன்னிரண்டு மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, பதினெட்டு மாதத்தில் முக்கூட்டு ஊசியும் (தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி) சொட்டும், மூன்று வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர். அதற்குப் பிறகு மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசைக்கு வந்துவிடுவாள்.

சாதாரணத் தடிமன், இலேசான இருமல், பல் முளைக்கும் சிணுக்கம் ஆகியவற்றுக்காக ஊசியைப் பிற்போட வேண்டாம். முன்பு இலேசான காய்ச்சல் வந்ததும் தடையில்லை. ஆனால் அந்த இரவு காய்ச்சல் மிகக் கடுமையாக இருந்திருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் வீரிட்டு அழுதிருந்தாலோ, துவண்டு வெளிறிப் போயிருந்தாலோ வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது அவர் வேறு வழி பார்ப்பார்.

எம்.எம்.ஆரை மட்டும் தள்ளிப்போட எந்தக் காரணத்தையும் ஏற்காதீர்கள். இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் உறுதிப்படுத்தியது. 2023 இல் அது திரும்ப வந்து பரவியது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை அந்த வைரஸ் காற்றில் நிற்கும். காப்பு இல்லாதவர்கள் நடுவே ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஒன்பது மாதமளவில் தேய்ந்துவிடும், அதனால்தான் அந்த மாதம். முதல் ஊசி நூறில் ஏறக்குறைய 85 பிள்ளைகளைக் காக்கும், இரண்டாவதும் சேர்ந்தால் 97 பேரை. கதவைச் சாத்தி, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பாடி ஜெபிக்கும் ஒரு சின்ன மண்டபத்தில் ஊசி போடாத நாலைந்து பிள்ளைகள் இருந்தால் சின்னமுத்துக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

இதை ஒளித்துச் செய்யாதீர்கள். பிள்ளைக்கு ஊசி போடத் தீர்மானிக்கிறவர்கள் நீங்களும் உங்கள் கணவரும்தான், அதற்கு அப்பாவின் அனுமதி தேவையில்லை. ஆனால் ஒளித்துப் போட்டால் இரவு காய்ச்சல் வரும்போது உதவி கேட்க முடியாது. தொடை வீக்கத்தை அம்மா குளிப்பாட்டும்போது காண்பா. ஊசி பற்றிய சண்டை அதோடு பொய் பற்றிய சண்டையாக மாறிவிடும். அனுமதி கேட்காதீர்கள், அறிவியுங்கள். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். "மாமாவோடு பகை வேண்டாம்" என்று ஒதுங்கி நின்றால் பகை முழுவதையும் நீங்கள் தனியாகச் சுமப்பீர்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், கிளினிக்குக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக. உங்கள் வீட்டில் ஊசியை நிறுத்தியது வேதவசனம் அல்ல, அந்தக் காய்ச்சல். அம்மா பார்த்தது துடித்த பேத்தியை. ஆகவே காய்ச்சலைப் பற்றித்தான் கதைக்க வேண்டும். இப்படிச் சொல்லலாம்: "அம்மா, வாற செவ்வாய் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோறம். ஊசியில குக்கலுக்கான மருந்து இருக்கிறதால அண்டைக்கு இரவு காய்ச்சல் வரலாம். ஒண்டு ரெண்டு நாளில விட்டிடும். வந்தால் என்ன செய்யிறதெண்டு கேட்டு வைச்சிருக்கிறன். போக முன்னம் நீங்கள் பிள்ளைக்குத் தலையில கை வைச்சு ஜெபிச்சு விடுங்கோ." வரப்போவதை முன்பே சொல்லி வைத்தால், காய்ச்சல் வரும்போது அம்மாவுக்கு அது தண்டனையாகத் தெரியாது, நீங்கள் சொன்னது நடந்ததாகத் தெரியும். ஜெபிக்கச் சொல்வது தந்திரம் என்று நினைக்காதீர்கள். அந்த நாளில் அம்மாவுக்கும் ஒரு பங்கு வேண்டும்.

ஊசி போட்ட பின் இருபது, முப்பது நிமிடம் கிளினிக்கிலேயே இருங்கள். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தெரியும், அதற்கான மருந்தும் அங்கேயே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வழமைபோலப் பால் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் பாணி, பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் 7 கிலோப் பிள்ளைக்கு 3 முதல் 4 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். போத்தலில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள், தேக்கரண்டியால் அளக்காமல் மருந்து ஊசிக்குழலால் அளந்து கொடுங்கள். வீங்கிய இடத்தில் தைலம், சுடுதண்ணீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். சுத்தமான குளிர்ந்த துணி போதும். காய்ச்சல் 48 மணித்தியாலத்தைத் தாண்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மேலே சொன்ன வலிப்பு, துவளல் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எம்.எம்.ஆர். வேறு மாதிரி. அதன் காய்ச்சலும் சின்னச் சிவப்புப் பொட்டுகளும் அன்றே வராது, ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரலாம். இதையும் அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் கிழமையில் அதே சண்டை திரும்ப வரும்.

இனி அப்பா. வட்ஸ்அப்பில் கட்டுரை அனுப்பி அவரை மாற்ற முயலாதீர்கள். மூப்பரின் மகள் வேறு ஒருவரின் கட்டுரையை அனுப்பினால் அவர் அதைப் படிக்கமாட்டார், மறுப்பு ஒன்றைத் தேடுவார். அவருடைய எதிர்ப்பில் எது வசனம், எது வேறு காயம் என்று பிரித்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையோடு யாழ்ப்பாணத்தின் முதல் கொரோனாத் தொற்றுகள் தொடர்புபட்டபோது, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சின்னச் சபைகளும் ஊர்வாயில் விழுந்தன. அதற்கும் முன்னால், போர்க்காலத்தில் மருந்துத் தடையோடு வாழ்ந்த தலைமுறை அது. அரசாங்கம் இலவசமாக ஏன் தருகிறது என்ற சந்தேகம் அந்த வயதுக்காரரிடம் இருந்தால் அதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதே காலத்தில், 1990களின் நடுவில், போலியோச் சொட்டு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல். அப்பாவின் வயதில் போலியோவால் கால் சூம்பிய ஒருவரை அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவரைப் பற்றிக் கேளுங்கள். வாதம் பண்ணுவதைவிட அது பலன் தரும்.

வசனங்களுக்கு வருவோம். வாதை உன் கூடாரத்தை அணுகாது என்ற 91ஆம் சங்கீதம்தான் பெரும்பாலும் முதலில் வரும். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் தேவாலயத்து உப்பரிகையில் நின்று இதே சங்கீதத்தை மேற்கோள் காட்டி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொல்வது பிசாசு. கர்த்தரைப் பரீட்சை பாராதே என்பது இயேசுவின் பதில். உபாகமம் 22:8 மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது, கட்டாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல். விழுந்த பிறகு ஜெபித்தால் போதும் என்று அங்கே எழுதவில்லை. முத்திரை பற்றிய வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்தால் அது மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தே வருவது தெரியும். தெரியாமல் ஒருவருக்கு ஏற்றிவிடக்கூடிய ஒன்றாக அந்த அதிகாரம் அதைச் சொல்லவில்லை. இவற்றில் ஒன்றை மட்டும், அதுவும் கேள்வியாக, அப்பாவிடம் கேளுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கினால் பிரசங்கியோடு பிரசங்கப் போட்டியாகிவிடும், அதில் நீங்கள் தோற்பீர்கள்.

கருக்கலைத்த சிசுவின் உயிரணு ஊசியில் இருக்கிறது என்பதும் வரும். இதில் உண்மை ஒரு பங்கு உண்டு, மறைக்காமல் சொல்ல வேண்டும். ருபெல்லா வைரஸ் மனித உயிரணுத் தொடர்களில் வளர்க்கப்படுகிறது, சில தயாரிப்புகளில் சின்னமுத்து வைரஸும் அப்படியே. அந்த இரண்டு தொடர்களும் 1962 இலும் 1966 இலும், வேறு காரணங்களுக்காக நடந்த இரண்டு கருக்கலைப்புகளிலிருந்து பெறப்பட்டவை. ஊசிக்காக அவை நடக்கவில்லை, இன்று புதிதாக ஒன்றும் தேவைப்படுவதில்லை, அன்றைய உயிரணுக்களின் வழிவந்தவையே ஆய்வகத்தில் பெருகுகின்றன. கருக்கலைப்பை முற்றாக மறுக்கும் வத்திக்கானே, வேறு தெரிவு இல்லாதபோது இத்தகைய உயிரணுத் தொடர்களைப் பயன்படுத்திய கொரோனா ஊசிகளைப் போடுவது ஒழுக்கத்துக்கு ஏற்றது என்று 2020 டிசம்பரில் சொன்னது. அப்பா ரோமாபுரியின் சொல்லைக் கேட்கமாட்டார் என்றால் இதைச் சொல்லுங்கள்: 1964, 65 இல் அமெரிக்காவில் ருபெல்லா பரவியபோது ஏறக்குறைய 20,000 குழந்தைகள் செவிடு, குருடு, இருதயக் கோளாறு போன்ற பிறவிப் பாதிப்புகளோடு பிறந்தன, ஆயிரக்கணக்கான கருக்கள் அழிந்தன. கருவிலுள்ள பிள்ளையைக் காக்க விரும்புகிறவர் போட வேண்டிய ஊசி அது. பென்டாவில் மனித உயிரணுத் தொடருக்கு வேலையே இல்லை. மூளைக்காய்ச்சல் ஊசி வெள்ளெலியின் சிறுநீரக உயிரணுவில் வளர்கிறது. 2021 மே கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு முதலில் வந்த சினோபார்ம் குரங்கின் சிறுநீரக உயிரணுவில் வளர்த்துக் கொன்ற வைரஸ், அதற்குள் சிசுவும் இல்லை, சிலர் சொன்னதுபோல் கணினிச் சில்லும் (சிப்) இல்லை. எம்.எம்.ஆர். ஊசியால் ஓட்டிசம் வரும் என்ற பயம் 1998 இல் வெளியான, பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அம்மம்மாவைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஊசி போட்டிருந்தால் அவ கட்டாயம் பிழைத்திருப்பா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. போட்டிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடியிருக்கும் என்று சொல்லலாம். விசுவாசம் தளர்ந்ததால் அவ இறக்கவில்லை என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். அந்த ஆவணியில் டெல்டா வகை நாடு முழுவதும் பரவியது. முதியவர்களின் நுரையீரலை அது தாக்கியது, விசுவாசிகளையும் விசுவாசமில்லாதவர்களையும் பிரித்துப் பார்க்காமல். துக்கத்தில் இருந்த ஒரு குடும்பத்தின் முன்னால் இறந்தவரின் மேல் பழியைப் போட்டது கொடுமை. உங்கள் கோபம் நியாயமானது. அதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கச் சொன்னால் செய்ய வேண்டியதில்லை.

"எல்லாம் பொய்யா" என்ற கேள்விக்கு இப்போது பதில் தேடாதீர்கள். ஏழு மாதப் பிள்ளையோடு தூக்கமில்லாமல், அதே கூரையின் கீழ் இருந்துகொண்டு, துக்கமும் முடியாத நிலையில் எடுக்கும் முடிவு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆவேசமாகத்தான் இருக்கும். ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: எதைக் கற்றேன், யாரிடமிருந்து, இன்றைக்கும் எனக்கு அது உண்மையா. கஷ்ட காலத்தில் சோறு கொண்டுவந்து தந்த சபைச் சகோதரிகள் ஒரு வரி. முத்திரைப் போதனை இன்னொரு வரி. சங்கீதங்கள் ஒரு வரி, நரகத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பயப்படுத்தியது வேறொரு வரி. எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்ததால் ஒன்றாக நிற்கவும் ஒன்றாக விழவும் வேண்டும் என்பதும் சபை கற்றுத்தந்த எண்ணம்தான்.

உங்கள் சபை சொன்னது கிறிஸ்தவம் முழுவதும் சொன்னதல்ல. இந்த மண்ணில் ஆங்கில மருத்துவத்தை ஊன்றியவர்களில் மிசனரிமார் முக்கியமானவர்கள். 1820 அளவில் பண்டத்தரிப்பில் மருந்தகம் நடத்திய ஜோன் ஸ்கடர், 1847 இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் இருவருமே ஆழ்ந்த பிடிப்புள்ள விசுவாசிகள். இதை நீங்கள் வேறு சபைக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. போகலாம், போகாமலும் இருக்கலாம், கொஞ்சக் காலம் எங்கும் போகாமலும் இருக்கலாம். பிள்ளை சின்னவள் என்பது ஞாயிறு வீட்டில் நிற்க நல்ல, உண்மையான காரணம். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் "இப்போது வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் என்று விளக்கத் தொடங்கினால் அடுத்த வெள்ளி ஜெபக் குறிப்பில் உங்கள் பெயர் வரும்.

இரவில் நரக பயத்தால் திடுக்கிட்டு விழிப்பது, நெஞ்சு படபடப்பு, பிள்ளைக்கு ஏதும் வந்தால் நான் விசுவாசத்தில் பின்வாங்கியதால்தான் என்ற எண்ணம் விடாமல் வருவது, இவை இருந்தால் தனியாகத் தாங்க வேண்டாம். பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் மனச்சோர்வும் இதே உருவில் வரும். யாழ். போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவில் பார்க்கலாம், 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். சாக வேண்டும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றே சொல்லுங்கள்.

வீட்டை விட்டுப் போவதை இந்தக் கடிதத்தின் பேரில் தீர்மானிக்காதீர்கள். அப்பா கத்துவார், சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். அது வேறு. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக விடாமல் தடுத்தாலோ, கொப்பியை ஒளித்தாலோ, கை நீட்டினாலோ, கணவர் வீட்டில் கொஞ்சக் காலம் இருப்பதுதான் சரி. அப்படி ஒரு நிலை வருமானால் எங்கே போவது என்பதைக் கணவரோடு இப்போதே கதைத்து வையுங்கள்.

தங்கச்சியின் படிவம் கடைசி. அதில் கையெழுத்திட வேண்டியது பெற்றோர். அப்பாவின் கையெழுத்தை நீங்கள் போடவே கூடாது, அம்மா கையெழுத்திடலாம். எச்.பி.வி. ஊசி 2017 இல் பாடசாலைத் திட்டத்தில் சேர்ந்தபோது ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை என்றே தொடங்கியது. எச்.பி.வி. உடலுறவால் பரவும் வைரஸ், ஆகவே ஊசி பிள்ளையைக் கெட்ட வழிக்குத் தூண்டும் என்பதுதான் அப்பாவின் எண்ணமாக இருக்கும். ஊசி போட்ட பிள்ளைகளின் நடத்தை அதனால் மாறுவதில்லை என்று பல நாடுகளில் பார்த்தாகிவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: தங்கச்சி எவ்வளவு ஒழுக்கமாக வளர்ந்தாலும், கலியாணம் கட்டப்போகிறவரிடம் அந்த வைரஸ் இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் பத்தில் ஏழளவுக்குக் காரணமான இரண்டு வகைகளையும் அந்த ஊசி தடுக்கும், தொற்று வரமுன் போட்டால்தான் முழுப் பலன். இந்தத் தவணையில் படிவம் போகாவிட்டாலும் வாய்ப்பு முடிந்துவிடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பிறகு கேட்கலாம். ஆனால் 15 வயதுக்கு முன் தொடங்குவது நல்லது. பிந்தினால் மூன்று ஊசி தேவைப்படலாம்.